ஒற்றைச் செவியில் விழுந்த வாக்கியம்

காவல் நிலையத்தின் வாகன நிறுத்துமிடம். விசாரணைக் காவல் முடிந்து ஓர் இளைஞன் வெளியே வருகிறான். காணாமற்போன ஆறு வயதுச் சிறுமியின் தகப்பன் பாய்ந்து சென்று அவனைப் பற்றித் தள்ளுகிறான். இழுபறி, கூச்சல், தடுக்க ஓடிவரும் காவலர்கள். அந்த நெரிசலுக்குள் இளைஞன், தகப்பனின் முகத்தருகே, மூச்சோடு மூச்சாக ஒரு வாக்கியத்தைச் சொல்கிறான்: நான் விட்டுப்போகும் வரை அவர்கள் அழவில்லை.

தகப்பனைத் தவிர வேறு எவர் செவியிலும் அது விழவில்லை. 153 நிமிடங்கள் ஓடும் ‘பிரிசனர்ஸ்’ (2013) படத்தின் பெரும்பகுதி இந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து கிளைத்தது. கியூபெக்கைச் சேர்ந்த இயக்குநர் டெனி வில்னவ், ‘இன்சென்டீஸ்’ படத்துக்குப் பிறகு ஹாலிவுட்டுக்குச் சென்று எடுத்த படம். திரைக்கதை ஆரன் குசிகோவ்ஸ்கி. முடிவு உட்பட அனைத்தும் இனிப் பேசப்படும் என்பதால், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. முதல்முறை பார்க்கும்போது கிடைக்கும் பதைப்பை ஒரு பதிவுக்காக இழக்க வேண்டியதில்லை.

கதையின் தொடக்கம் எளியது. பென்சில்வேனியாவின் ஒரு சிறு நகரம். நன்றி நவிலல் நாளன்று அண்டை வீடுகளைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் ஒன்றாக விருந்துண்கின்றன. டோவர் குடும்பத்தின் கடைக்குட்டி ஆனா, பர்ச் குடும்பத்தின் கடைக்குட்டி ஜாய். ஆனாவின் சிவப்பு ஊதலைத் தேடி டோவர் வீட்டுக்குச் சென்ற இருவரும் திரும்பவில்லை. அன்று பகலில் அந்தத் தெருவில் பழைய வேன்வீடு ஒன்று நின்றிருந்தது. அதை ஓட்டிவந்தவன் அலெக்ஸ் ஜோன்ஸ். பத்து வயதுச் சிறுவனின் அறிவு வளர்ச்சி மட்டுமே உள்ள இளைஞன். வாகனத்தில் தடயம் ஏதும் கிடைக்காததால் காவல்துறை அவனை விடுவிக்கிறது. சட்டப்படி அது சரியான செயல். ஆனாவின் தகப்பன் கெல்லர் டோவர் அவனைக் கடத்திச் சென்று, தன் தந்தை விட்டுச்சென்ற பாழடைந்த கட்டடத்தில் அடைத்து, நாள்கணக்கில் வதைக்கிறான்.

இவ்வளவையும் கேட்டால், மகளுக்காக எதையும் செய்யத் துணிந்த தகப்பனைப் பற்றிய இன்னொரு பழிவாங்கும் படம் என்று தோன்றும். நம்முடைய திரையரங்குகளில் அப்படிப்பட்ட தகப்பனுக்குக் கைதட்டல் நிச்சயம். வில்னவின் படம் அந்தக் கைதட்டலுக்கு இடம் தராத படம். ஆனால் அதற்காகக் கெல்லரை முட்டாளாகவோ மிருகமாகவோ ஆக்கிவிடவும் இல்லை. அவன் கேட்டது உண்மை. அந்த வாக்கியம் உண்மையிலேயே சொல்லப்பட்டது. பார்வையாளரும் அதைக் கேட்டார். படத்தின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மொழியியல் மாணவர் எவரும் அந்த வாக்கியத்தின் முன் சற்று நேரம் நிற்காமல் போக முடியாது. எதிர்மறை வினையோடு ‘வரை’ சேரும்போது சொல்லப்படுவது ‘அழவில்லை’ என்பது. உணர்த்தப்படுவதோ ‘அதன்பின் அழுதார்கள்’ என்பது. ‘நான் அவர்களோடு இருந்தேன்’ என்று அலெக்ஸ் எங்குமே கூறவில்லை. ‘விட்டுப்போனேன்’ என்பதையும் தனிச் செய்தியாகக் கூறவில்லை. ஆனால் அவ்விரண்டும் இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. பொருண்மையியலில் முற்கோள் எனப்படுவது இதுவே. ஒரு கூற்று தன் காலடியில் சந்தடியின்றி விரித்துக்கொள்ளும் தரை அது. ‘அவன் போகும் வரை அவர்கள் அழவில்லை என்பது பொய்’ என்று ஒருவர் மறுத்தாலும், அவன் இருந்ததும் போனதும் மறுக்கப்படாமல் அப்படியே நிற்கும். ‘ஆமாம், நான்தான் அவர்களைப் பார்த்தேன்’ என்று அவன் நேராகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அழுத்தமாக இருந்திருக்காது. உளறுகிறவன் நேரான பொய்யைச் சொல்லிவிடலாம். முற்கோளைப் பொய்யாகச் சோடிப்பது அவ்வளவு எளிதன்று. கெல்லருக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் இது தெரியும். மொழி பேசும் எவருக்கும் தெரியும்.

தெரிந்தது அவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அலெக்ஸ் அவர்களோடு இருந்தான், பிறகு விட்டுப்போனான், பிறகு அவர்கள் அழுதார்கள். அவன் கடத்தினான் என்பதோ, அவர்கள் இப்போது இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும் என்பதோ, கேட்டால் அதைச் சொல்லக்கூடிய நிலையில் அவன் இருக்கிறான் என்பதோ அந்த வாக்கியத்தில் இல்லை. இவற்றைச் சேர்த்தது கெல்லரின் அச்சம். உண்மையான ஒரு வாக்கியத்துக்கும் அதிலிருந்து ஒரு மனம் எடுத்துக்கொண்ட முடிவுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அந்தப் பாழடைந்த கட்டடம் நிற்கிறது.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதி அறையில், மடிக்கணினித் திரையின் முன் நெருக்கியடித்து அமர்ந்து இப்படத்தைப் பார்த்த ஐந்தாறு தமிழ் மாணவர்களில் ஒருவர் மட்டும் திருமணமானவர். நான்கு வயது மகளை ஊரில் விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்தவர். படத்தின் நடுவே எழுந்து வெளியே சென்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். படம் முடிந்து விவாதம் தொடங்கியபோது இளையவர்கள் சித்திரவதையின் அறம், அரசு, தனிமனிதன் என்று பேசிக்கொண்டே போனார்கள். அவர் வெகுநேரம் வாய்திறக்கவில்லை. கடைசியில், “நீங்க சொல்றதெல்லாம் சரி தம்பி. ஆனா அவன் சொன்னத நான் என் காதால கேட்டிருந்தேன்னா, அவன வீட்டுக்குப் போக விட்டிருக்க மாட்டேன்” என்றார். “அப்புறம் என்ன செஞ்சிருப்பீங்க அண்ணே?” என்று ஒருவன் கேட்டான். அவரிடம் பதில் இல்லை. அறையில் ஒருவரிடமும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் படம் தரும் விடைகளில் மிகவும் கலங்கவைப்பது கெல்லருடையது அன்று, பர்ச் தம்பதியினுடையது. ஜாயின் தகப்பன் பிராங்க்ளின், கெல்லரின் வற்புறுத்தலால் முதலில் கூட்டுச் சேர்கிறான். பிடித்துக்கொள்கிறான், பார்க்க முடியாமல் முகம் திருப்புகிறான், வீட்டுக்குப் போய் அழுகிறான். பிறகு மனைவி நான்சியிடம் சொல்லிவிடுகிறான். வயோலா டேவிஸ் ஏற்ற நான்சி அந்தக் கட்டடத்துக்கு வருகிறாள். வீங்கி உருவழிந்த அலெக்ஸின் முகத்தைப் பார்க்கிறாள். அவன் கட்டை அவிழ்த்து, மகளின் படத்தைக் காட்டி, ஒரு தாய்க்குரிய குரலில் கெஞ்சுகிறாள். அவன் தப்பியோட முயல்கிறான். இந்த இடத்தில் அவள் காவல்துறையை அழைப்பாள் என்றே பார்வையாளர் எதிர்பார்ப்பார். அவள் எடுக்கும் முடிவு வேறு: கெல்லருக்கு நாம் உதவவும் வேண்டாம், அவனைத் தடுக்கவும் வேண்டாம்.

உதவாமலும் தடுக்காமலும் இருப்பது. உலகின் பெரும்பாலான கொடுமைகள் இந்த இடைநிலையின் நிழலில்தான் நடக்கின்றன என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆனால் அந்த முடிவை ஒரு கோழையின் வாயிலோ கயவனின் வாயிலோ வைக்காமல், படத்திலேயே மிகுந்த தெளிவும் கருணையும் உடைய தாயின் வாயில் வைத்தது குசிகோவ்ஸ்கியின் துணிவு. அவளுடைய கை கறைபடாது. மகள் கிடைத்தால் பலன் அவளுக்கும் உண்டு. டேவிஸ் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. வீட்டுச் செலவைப் பற்றிப் பேசுவதைப் போன்ற தணிந்த குரல். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் அவள்மீது கோபம் கொள்ள முடியாமல் போவதுதான் அச்சமூட்டுகிறது.

கெல்லர் தச்சு வேலையும் வீடு பழுதுபார்க்கும் வேலையும் செய்பவன். இந்தத் தகவல் அலங்காரத்துக்காகச் சொல்லப்பட்டது அன்று. அடித்துப் பயனில்லை என்று தெரிந்ததும், அவன் அந்தக் கட்டடத்தின் குளியலறையைப் பலகைகளால் அடைத்து ஓர் இருட்டறை ஆக்குகிறான். ஒரு சிறு துளை வழியே மட்டும் வெளிச்சம். உள்ளே கொதிநீரும் குளிர்நீரும் பீய்ச்சுவதற்கான ஏற்பாடு. அளவெடுத்து, அறுத்து, ஆணியடித்து, ஒழுங்காகச் செய்யப்பட்ட வேலை. நேர்மையான உழைப்பாளியின் கைத்திறன் அப்படியே சித்திரவதைக் கருவியாகிவிட்டதை வில்னவ் விளக்கிப் பேசவில்லை. அந்தப் பலகைகளைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். கெல்லரின் வீட்டு நிலவறையில் பேரிடர்க் காலத்துக்கென்று உணவும் கருவிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எதற்கும் ஆயத்தமாயிரு என்பது அவன் தந்தை அவனுக்கும், அவன் தன் மகனுக்கும் சொல்லும் பாடம். அந்தத் தந்தையோ சிறைக் காவலர், தற்கொலை செய்துகொண்டவர். எல்லாவற்றுக்கும் ஆயத்தமாயிருந்த வீட்டில், பகல் வெளிச்சத்தில், விருந்து நாளில், பிள்ளை காணாமற்போகிறது. எதிலிருந்தும் எங்களைக் காப்பாய் என்று சொன்னாயே என்று மனைவி கிரேஸ் ஒருமுறை கேட்கிறாள். அலெக்ஸ்மீது விழும் ஒவ்வொரு அடியிலும் அந்தக் கேள்விக்குச் சொல்ல இயலாத பதிலும் இருக்கிறது.

இறைவேண்டலையும் இங்கே குறிப்பிட வேண்டும். படம் கெல்லரின் குரலில் ஒலிக்கும் கிறிஸ்தவ வேண்டலோடுதான் தொடங்குகிறது. மரங்களினூடே ஒரு மான் தென்படுகிறது, அவன் மகன் அதைச் சுடுகிறான். பின்னர், வதைக்கூடத்தில் அதே வேண்டலை அவன் மீண்டும் சொல்ல முனைகிறான். பிறர் தமக்குச் செய்த தீங்கை மன்னிப்பது பற்றிய வரியில் வந்து நின்றுவிடுகிறான். தொண்டை அடைக்கிறது, அதற்குமேல் சொல்ல முடியவில்லை. சிறுவயதிலிருந்து ஆயிரம் முறை சொல்லிப் பழகிய சடங்குச் சொற்களுக்குத் திடீரென்று பொருள் வந்துவிடும் கணம் அது. மனப்பாடமான வரிக்குப் பொருள் இல்லாதவரைதான் அதை யாரும் தடையின்றிச் சொல்ல முடியும். ஹ்யூ ஜாக்மனின் நடிப்பு பல இடங்களில் உரத்தது. சுத்தியலால் கழுவுதொட்டியை உடைக்கும் காட்சியில் தேவைக்கு அதிகமாகவே உரத்தது. ஆனால் இந்தத் தடுமாற்றத்துக்காக மற்றவற்றை மன்னித்துவிடலாம்.

சித்திரவதையால் உண்மை வெளிவராது என்பது மனித உரிமையாளர்களின் வழக்கமான வாதம். 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க செனட் உளவுக் குழுவின் அறிக்கையும், மத்திய உளவு முகமையின் கொடிய விசாரணை முறைகள் பயன்தரவில்லை என்றே முடிவு சொன்னது. படமோ இதைவிடச் சிக்கலான ஒன்றைச் சொல்கிறது. அலெக்ஸிடமிருந்து உண்மை வெளிவருகிறது. தான் அலெக்ஸ் அல்லன் என்கிறான். அது உண்மை. அவர்கள் புதிர்வழிக்குள் இருக்கிறார்கள் என்கிறான். அதுவும் அவனறிந்த அளவில் உண்மை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் குழந்தையாக இருக்கும்போதே கடத்தப்பட்டு, வேறு பெயரிட்டு வளர்க்கப்பட்டவன் அவன். அவனை வளர்த்த ‘அத்தை’ ஹாலி ஜோன்ஸும் அவள் கணவனும் குழந்தைகளைக் கடத்துவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். புதிர்வழி என்பது அவர்களுடைய கொடூர விளையாட்டோடு ஒட்டிய சொல். அவனுக்குத் தெரிந்ததை, அவனிடமிருக்கும் சொற்களில், அவன் சொல்லிவிட்டான்.

கெல்லருக்கு அது விடையாகவே தோன்றவில்லை. ‘நான் அலெக்ஸ் அல்லன்’ என்பதை அவன் உளறலாகக் கேட்கிறான். வலி, சொற்களை வெளியே தள்ளலாம். அவற்றைப் புரிந்துகொள்ளும் செவியை அது தராது. மாறாக, அடிக்கிறவனின் செவியைத்தான் அது முதலில் அடைக்கிறது. ஏனென்றால் அவன் ஒரேயொரு விடையை எதிர்பார்த்து நிற்கிறான். அந்த வடிவத்தில் வராத உண்மை அவனுக்குப் பொய். வாகன நிறுத்துமிடத்தில் மூச்சொலியாக வந்த வாக்கியத்தின் முற்கோளை அத்தனை நுட்பமாகப் பிடித்த அதே காது, வதைக்கூடத்தில் நேராகச் சொல்லப்பட்டதைத் தவறவிடுகிறது. படத்தின் ஆழமான கண்டுபிடிப்பு இது.

தனிமனிதனுக்கு மட்டுமான குறையாகவும் படம் இதை விட்டுவிடவில்லை. துப்பறியும் அதிகாரி லோக்கி பொறுமைசாலி. எடுத்த வழக்கு எதையும் முடிக்காமல் விட்டவர் அல்லர் என்று பெயர் பெற்றவர். ஜேக் ஜிலன்ஹால் அவருக்கு ஒரு கண்சிமிட்டலைக் கொடுத்திருக்கிறார். இறுக்கம் கூடக் கூட இமைகள் படபடக்கும். இரண்டாவது சந்தேக நபரான பாப் டெய்லர், புதிர்வழிகளை வரைந்துகொண்டே இருப்பவன்; அவனும் சிறுவயதில் அதே தம்பதியிடமிருந்து தப்பியவன் என்பது பின்னர்தான் தெரிகிறது. விசாரணை அறையில் லோக்கியின் பொறுமை உடைகிறது. அவனைப் பிடித்து அடிக்கிறார். குழப்பத்தில் காவலர் ஒருவரின் துப்பாக்கியைப் பறித்து அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அவன் வரைந்துகொண்டிருந்த புதிர்வழிதான் அந்த வழக்கின் திறவுகோல். அதை வாசித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மேசைமேல் சரிந்து கிடக்கிறான்.

இந்திய வாசகருக்கு இந்த இடம் அந்நியமானது அன்று. காவல்துறையிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில் விதித்தது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம் என்று 27-ஆம் பிரிவு ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தச் சன்னல் மூடப்படவில்லை. ‘எப்படிச் சொன்னான் என்பது கிடக்கட்டும், சொன்ன இடத்தில் பொருள் இருந்ததா?’ என்ற கெல்லரின் தர்க்கத்துக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சட்ட மாணவர்கள்தாம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒருவரின் ஒப்புதலின்றி அவருக்கு மருந்து செலுத்திப் பேசவைக்கும் நார்கோ சோதனை அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது 2010-இல்தான். ஐக்கிய நாடுகள் அவையின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.

நொய்டாவின் நிதாரியை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. 2006 டிசம்பரில் அங்கே ஒரு வீட்டின் அருகிலிருந்த வடிகாலில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அதற்கு முன்பே, பிள்ளைகளைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்த ஏழைப் பெற்றோர்களின் சொல் பொருட்படுத்தப்படவில்லை என்பது அப்போது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. நீண்ட காவலுக்குப் பின் பெறப்பட்ட வாக்குமூலத்தின்மீது வழக்கு கட்டப்பட்டது. மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று சொல்லி, புலனாய்வின் குறைகளைக் கடுமையாகச் சாடி, குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிசெய்தது. முதலில் பெற்றோரின் சொல் கேட்கப்படவில்லை. பிறகு ஒருவனின் சொல் மட்டுமே கேட்கப்பட்டது. கடைசியில் அந்தச் சொல்லும் நிற்கவில்லை. பிள்ளைகளைக் கொன்றது யார் என்ற கேள்வியோடு அந்தப் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரும் கெல்லராக மாறவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கெல்லராக மாறுவதற்குச் சொந்த வண்டியும், பாட்டன் வழிக் கட்டடமும், கைவிடாத ஒரு காவல் அதிகாரியும் வேண்டியிருக்கிறது.

படத்துக்குத் திரும்பினால், குறைகளும் உண்டு. கிரேஸ் படம் முழுவதும் மாத்திரையின் மயக்கத்தில் படுத்தே கிடக்கிறாள். மரியா பெல்லோ போன்ற நடிகைக்கு அந்தக் கட்டிலைவிட்டு எழ ஒரு காட்சியாவது கூடுதலாகத் தந்திருக்கலாம். பாம்புகள் நிறைந்த பெட்டிகளும், பாதிரியார் வீட்டு நிலவறையில் கிடைக்கும் பிணமும் கதைக்குத் தேவைப்பட்டாலும், பார்வையாளரைத் திசைதிருப்பும் விருப்பம் அவற்றில் சற்று வெளிப்படையாகத் தெரிகிறது. இறுதியில் ஹாலி, தானும் கணவனும் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபின் கடவுளுக்கு எதிராகத் தொடுத்த போர் இது, குழந்தைகளை மறையச் செய்தால் பெற்றோர் அரக்கராவார்கள் என்று விளக்கம் சொல்லும் இடம் தேவைக்கு மேல் நேரானது. மெலிசா லியோவின் சாதாரணமான பாட்டித் தோற்றம் மட்டுமே அந்த உரையைக் காப்பாற்றுகிறது. அவளும் மகனை இழந்த தாய்தான் என்பது ஒரு வரியில் போய்விடுகிறது. அந்த ஒரு வரி விரிந்திருந்தால் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. சாம்பல்நிற வானம், ஈரமான தார்ச்சாலை, சன்னல் கண்ணாடியில் வழியும் மழை. அழகாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் எந்தச் சட்டகத்திலும் தெரியாது. நஞ்சூட்டப்பட்ட குழந்தையை வண்டியில் கிடத்தி, நெற்றிக் காயத்தின் குருதி கண்ணை மறைக்க, லோக்கி மருத்துவமனைக்கு விரையும் இரவுக் காட்சியில் எதிர்வரும் விளக்குகள் நீரில் கரைந்த மஞ்சள் திட்டுகளாகின்றன. ஓட்டுகிறவருக்கு என்ன தெரிகிறதோ அதுமட்டுமே நமக்கும் தெரிகிறது. யோஹான் யோஹான்சனின் இசை அங்கே பரபரப்பைக் கூட்டாமல் துயரத்தை நீட்டுகிறது.

மொழி குறித்த இன்னொரு கணம், பலர் கவனிக்காமல் கடந்துவிடுவது. ஜாய் உயிரோடு கிடைக்கிறாள். மருந்து மயக்கத்தில் மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவளிடம், ஆனா எங்கே என்று கெல்லர் மன்றாடிக் கேட்கிறான். அவள் அரைநினைவில் சொல்வது: நீங்கள் அங்கே இருந்தீர்கள். அறையிலிருக்கும் மற்றவர்களுக்கு ‘அங்கே’ என்பது வெற்றுச் சுட்டு. அதிகாரிக்கு அது சந்தேகத்துக்குரிய சுட்டு. குழந்தைகள் இருந்த இடத்தில் இந்தத் தகப்பன் எப்படி இருந்தான்? கெல்லருக்கு மட்டுமே அதன் பொருள் தெரியும். ஹாலியிடம் அலெக்ஸைப் பற்றி விசாரிக்கச் சென்றபோது அவன் உட்கார்ந்து பேசிய வீடு. அவனுடைய குரல் சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குழந்தையின் செவியில் விழுந்திருக்கிறது. அவன் மகளைத் தேடிச் சென்ற வீட்டில், சில அடி தொலைவில் மகள் இருந்தாள். அவன் தேநீர் மேசையில் ஒரு மூதாட்டிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து வந்தான். இரண்டாம் முறையாக, ஒற்றைச் செவியில் மட்டும் பொருள்படும் வாக்கியம். இம்முறை அவன் கேட்டது சரி, எடுத்த முடிவும் சரி. ஆனால் எவரிடமும் சொல்லாமல் தனியே ஓடுகிறான். வதைத்தவன் காவல்துறையிடம் என்ன சொல்லி அழைப்பான்? ஹாலியின் துப்பாக்கி முனையில், பழைய கார் ஒன்றின் அடியில் மறைக்கப்பட்ட குழிக்குள் இறங்குகிறான். இருட்டில் துழாவும் அவன் கையில் மகளின் சிவப்பு ஊதல் தட்டுப்படுகிறது.

அலெக்ஸ் கடைசியில் தன் சொந்தப் பெயருக்கும் சொந்தத் தாய்க்கும் திரும்புகிறான். அந்தத் தாய், காணாமற்போவதற்கு முன் எடுத்த மகனின் காணொளியை இருபத்தாறு ஆண்டுகளாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள். இந்தத் தகவல் செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்துபோகிறது. ‘நான் அலெக்ஸ் அல்லன்’ என்று இருட்டறைக்குள் அவன் சொன்னதை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்தச் செய்தித்தாள் போதும். பால் டானோ படம் முழுவதும் பேசும் சொற்களை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம் போலத் தோன்றும். அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

விடுதி அறையில் அன்றிரவு, இரண்டு மணிக்கு மேல், திருமணமான அந்த ஆய்வாளர் கடைசிக் காட்சியை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். ஹாலியின் வீட்டு வளாகம். உறைந்த மண்ணை இரவு விளக்கொளியில் தோண்டிக்கொண்டிருந்த ஆட்கள் அன்றைய வேலையை முடித்துப் புறப்படுகிறார்கள். லோக்கி தனியே நிற்கிறார். எங்கோ மெல்லியதாக ஓர் ஊதல் ஒலி. சொல் இல்லை, இலக்கணம் இல்லை, முற்கோள் இல்லை. அவர் தலையைத் திருப்புகிறார். ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார். மீண்டும் ஒலி. இமைகள் அசைகின்றன. மீண்டும் திரும்புகிறார்.

திரை கறுத்துவிட்டது. அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றி, இன்னொரு முறை பின்னுக்கு ஓட்டினார்.